பார்க்க ஆளில்லாத வெளிச்சம்

1984 நவம்பர் 14, புதன்கிழமை, பகல் பன்னிரண்டு நாற்பது. சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் அடைமழை. எங்கள் அலுவலகத்தின் ஏழாவது மாடிச் சன்னலிலிருந்து மற்ற நாட்களில் துறைமுகத்துக் கிரேன்கள் பதினான்கு தெரியும். அன்று ஒன்றுகூடத் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் என் மாமனார் கம்ப்யூட்டர் அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். தலைமுதல் கால்வரை நனைந்திருந்தார். சாப்பாட்டு அடுக்கு மட்டும் நனையவில்லை. அதை இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் வைத்து, தன் மழைச்சட்டையைக் கழற்றி அதற்குப் போர்த்தி, கைக்குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"மழையில ஏன் மாமா வந்தீங்க?"

"இன்னைக்கு சம்பளக் கணக்கு ஓடுது, மேனேஜர் கெடு வச்சிருக்காருன்னு பாப்பா சொல்லுச்சு. பிஸ்கட்ட தின்னுட்டு உக்காந்திருந்தா கணக்கு ஓடுமா மாப்ளே? போங்க, போய்ச் சாப்பிடுங்க. நெத்திலி சம்பால், இன்னும் சூடு ஆறல."

பாப்பா என்றது என் மனைவியை. மனைவியின் அண்ணன் உட்லண்ட்ஸில் இருந்தாலும், மாமா எங்களோடு கிளமெண்டியில்தான் இருந்தார். வீட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கேயும் மாமா என்றே எழுதுகிறேன்.

மாமாவால் பொறுக்க முடியாதது ஒன்றுண்டு: பார்க்க ஆளில்லாத இடத்தில் எரிகிற விளக்கு. இங்குள்ள நம் ஆட்களைப் போலவே, விளக்கை அணைப்பதை அவர் 'அடைப்பது' என்பார். நாங்கள் கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போனால் கூடத்து விளக்கு அடைபடும். அடுப்படியிலிருந்து திரும்பினால் அது எரியும், இது அடைபட்டிருக்கும். அவர் நடந்து வருகிற சத்தமே கேட்காது. ஒருமுறை நான் குளித்துக்கொண்டிருக்கும்போது அடைத்துவிட்டார். உள்ளேயிருந்து கத்தினேன்.

"தண்ணி சத்தம் நின்னுருச்சு மாப்ளே. ஆள் வெளிய வந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"சோப்புப் போடுறேன் மாமா!"

"சோப்புப் போட வெளிச்சம் எதுக்கு? உடம்பு எங்க இருக்குன்னு தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே விளக்கை மறுபடி போட்டுவிட்டார்.

இதைக் கஞ்சத்தனம் என்று எண்ணிவிடக் கூடாது. துறைமுகத்தில் கிரேன்களுக்கு எண்ணெய் விடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் காசு இருந்தால் பேரப்பிள்ளைகளுக்கு விலை கூடிய குராவ் மீன் வாங்கிவருவார். இல்லாவிட்டால் கடன் சொல்லி வாங்கிவருவார். கரண்டு பில் நான் கட்டுவது. அவர் அதைப் பிரித்துப் பார்த்ததுகூட இல்லை. ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். எதிர் புளோக்கில் யாரோ அடைக்காமல் விட்டுப்போன அடுப்படி விளக்கைக் காட்டினார்.

"ஒருத்தரும் இல்லாத ரூமுல தன்னந்தனியா எரியுது பாருங்க. பாவமா இல்ல?"

எனக்குப் பாவமாக இல்லை. அவருக்கு இருந்தது. அவ்வளவுதான் நான் தெரிந்துகொண்டது.

கோயிலிலும் இதே கதைதான். சனிக்கிழமை நவநாள் முடிந்து மக்கள் கலைந்ததும், மாதா சொரூபத்தின் முன்னால் பாதி எரிந்த மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கி அணைத்து, தட்டின் ஓரத்தில் உயரவாரியாக அடுக்கிவைப்பார். ஒரு சனிக்கிழமை குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்த அம்மாள் ஒருவர் பார்த்துவிட்டார்.

"ஐயோ பெரியவரே! அது என் மகன் பரீட்சைக்கு ஏத்துனது!"

"மாதா பாத்துட்டாங்கம்மா. நீங்க போன பிறகு இன்னும் எத்தனை தடவ பாப்பாங்க? மிச்சத்த ரிசல்ட்டு வர்ற அன்னைக்கு ஏத்துங்க. அன்னைக்குத்தான் ரொம்பத் தேவைப்படும்."

அந்த அம்மாள் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்ல, மெழுகுவர்த்தித் தட்டுக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து மாமா கடைசி வரிசையில், மின்விசிறிச் சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வீட்டுத் தொலைக்காட்சி அவருடைய பொறுப்பு. தமிழ்ப்படம் போடுகிற இரவில் விளம்பரம் வந்த உடனே எழுந்து அடைத்துவிடுவார். இருண்ட கண்ணாடியை நாங்கள் ஆறு பேரும் பார்த்துக்கொண்டிருப்போம். "அப்பா, படம் போயிடும்பா!" என்று மனைவி அலறுவாள். அவர் அசையமாட்டார். மனத்துக்குள் ஏதோ கணக்கு வைத்திருப்பார். திடீரென்று எழுந்து போடுவார். கண்ணாடி சூடேறிப் படம் தெளிவதற்கும் கதை தொடங்குவதற்கும் சரியாக இருக்கும். எண்ணிப் பார்த்தேன், ஒரு வசனம்கூடத் தவறியதில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போட்டபோது இரண்டு முறை தவறியிருக்கிறேன்.

தேக்கா கடைத்தெருவில் நடந்ததையும் சொல்லவேண்டும். மத்தியான வெயிலில் ஒரு புடவைக் கடையின் முகப்பில் எட்டுக் குழல்விளக்குகள் எரிந்தன. மாமா உள்ளே போய்க் கல்லாவுக்குப் பின்னால் இருந்த சுவிட்சைத் தானே அடைத்தார். கடைக்காரர் பதறிவிட்டார். "பெரியவரே, சேலைக் கலர் தெரியவேணாமா?" மாமா நிதானமாகக் கேட்டார்: "வாங்குறவங்க வெயில்லதானே கட்டிட்டுப் போவாங்க? வெயில்ல காட்டுங்களேன்." நான் பத்தடி தள்ளிப் போய், வெற்றிலைக் கடையைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டேன். அவரைத் தெரியாதவன்போல நிற்பது எனக்கு அன்றைக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

இனி கம்ப்யூட்டர் விஷயம்.

எங்கள் கம்பெனி துறைமுகத்துக்கு ஆட்களும் லாரிகளும் அனுப்பும் கம்பெனி. நானூற்றுச் சொச்சம் பேருக்கு வாரச் சம்பளம். அதை நாற்பத்தோரு வயதில், ராத்திரி வகுப்புக்குப் போய்ப் படித்து, கம்ப்யூட்டருக்கு மாற்றியவன் நான். சம்பளக் கணக்குப் புரோகிராமை எழுதியதும் நான்தான். புதன்கிழமை காலையில் ஓட ஆரம்பித்தால் மாலையில் முடியும். வியாழக்கிழமை கூலி கொடுப்பார்கள். மெஷின் இரண்டு அலமாரி அளவு. அதற்கு எதிரே ஒரு மேசையில் பச்சை எழுத்துத் திரை ஒன்றும் விசைப்பலகையும். அந்தத் திரையிலிருந்துதான் மெஷினுக்குக் கட்டளை கொடுக்கமுடியும்.

ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து மெஷின் நிற்க ஆரம்பித்தது. புதன்கிழமை, மதிய வேளை. ஓடிக்கொண்டிருந்த கணக்கு அப்படியே நின்றிருக்கும். திரையில் எழுத்து ஒன்றும் இருக்காது, வெறுமனே ஒரு கட்டம் மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கும். முதலிலிருந்து மறுபடி ஓட்டவேண்டும். இரண்டு வாரம் கூலி வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. தொழிலாளிகள் வாசலில் நின்று கத்தினார்கள். மற்ற கிழமைகளில் நிற்காத மெஷின் புதன்கிழமை மட்டும் நிற்கிறதென்றால் தப்பு சம்பளக் கணக்கில், அதாவது என்னுடைய வேலையில்தான் என்று மேனேஜர் சொன்னார்.

மெஷின் விற்ற கம்பெனியிலிருந்து ஒரு தமிழ் இன்ஜினியர் வருவார். முப்பது வயதிருக்கும், எப்போதும் சிரித்த முகம். அவர் மின்சாரப் பலகையை மாற்றினார். நினைவகப் பலகையை மாற்றினார். கேபிள்களை மாற்றினார். புதன்கிழமை வந்தால் மறுபடி நின்றது. அப்போதுதான் நான் எண்ண ஆரம்பித்தேன். பதின்மூன்று புதன்கிழமைகள். ஒன்பது முறை நின்றது. நான்கு முறை நிற்கவில்லை. அந்த நான்கு நாளும் மழை.

எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. என் கணக்கில் தப்பில்லை என்பதற்கு அது சாட்சி. அதே கணக்கு மழை நாளில் ஒழுங்காக ஓடியிருக்கிறதே! ஆகவே சூடுதான் காரணம் என்று மேனேஜரிடம் சாதித்தேன். இன்ஜினியர் தலையைச் சொறிந்துகொண்டு, "இருக்கலாம் அண்ணே" என்றார். என் பேச்சை நம்பிக் கம்பெனி பெரிய ஏர்கான் ஒன்று வாங்கி மாட்டியது. அதற்கடுத்த புதன்கிழமை நல்ல வெயில். அறைக்குள் குளிரில் விரல் விறைத்தது. மெஷின் நின்றது.

பதின்மூன்று புதன்கிழமைகளின் வெயிலையும் மழையையும் எண்ணியவன், அந்தப் பதின்மூன்று நாளும் நான் என்ன சாப்பிட்டேன் என்பதை எண்ணவில்லை.

நடந்தது இதுதான். ஜூலைக் கடைசியில் எங்கள் ஆப்பரேட்டர் வேலையை விட்டுப் போய்விட்டார். சம்பளக் கணக்கு ஓடும்போது அறையைவிட்டு நான் கீழே இறங்கக் கூடாது. இதை வீட்டில் சொன்னபோது, புதன்கிழமை மக்கானைத் தான் கொண்டுவருவதாக மாமா சொல்லிவிட்டார்; சாப்பாட்டுக்குத் துறைமுகத்தில் அவர் பழகிய மலாய்ச் சொல் அது. கிளமெண்டியிலிருந்து ஒரு பஸ் மாறி வருவார். கம்ப்யூட்டர் அறைக்குள் சாப்பிட அனுமதியில்லை. ஆகவே நடைக்கோடியில் இருந்த சிறிய அடுப்படியில் நான் சாப்பிட்டு வருகிறவரை, அறையில் அவரை உட்காரவைத்துவிட்டுப் போவேன்.

"எதையும் தொட்டுராதீங்க மாமா."

"நான் ஏன் தொடுறேன்? கைய மடியிலயே வச்சிருக்கேன்."

மழை பெய்தால் மட்டும் வரமாட்டார். நனைந்தால் நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும், பாப்பா விடாது. அன்றைக்கு நான் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்து, மெஷினுக்குத் தெரியாமல் தின்பதுபோலக் குனிந்து பிஸ்கட் தின்பேன்.

நவம்பர் 14 காலையில் மேனேஜர் என்னையும் இன்ஜினியரையும் கூப்பிட்டார். இந்தப் புதன்கிழமையும் நின்றால் மெஷின் திரும்பிப் போகும், நானும் பழைய குமாஸ்தா மேசைக்குப் போகவேண்டியதுதான் என்று ஏற்கெனவே திங்கட்கிழமையே சொல்லியிருந்தார். வீட்டுக் கடன் அடைத்துக்கொண்டிருந்தேன். பழைய மேசையின் சம்பளத்தில் அதை அடைக்கமுடியாது. மேனேஜர் ஆங்கிலத்தில் ஒரே கேள்விதான் கேட்டார். மெஷின் நிற்கிற நேரத்தில் அந்த அறையில் யார் இருக்கிறார்?

"யாருமில்லை சார்," என்றேன்.

பொய் சொல்வதாகவே எனக்குத் தோன்றவில்லை. அதைத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். நிஜமாகவே யாருமில்லை என்றுதான் எண்ணியிருந்தேன்.

அன்று மழை. ஆகவே மெஷின் நிற்காது என்று நான் தைரியமாக இருந்தேன். இன்ஜினியருக்குத் தைரியம் வரவில்லை. மெஷினுக்குப் பின்னால் தரைப்பலகை ஒன்றைத் தூக்கிவிட்டு, கேபிள்களுக்கு நடுவே குந்தியிருந்தார். மாமா நனைந்த சட்டையை வெளியே பிழிந்துவிட்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பின்னால் ஒரு ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது. நான் அடுக்கை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

நாலாவது கவளம் கையில் இருந்தது. கம்ப்யூட்டர் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எச்சில் கையோடு ஓடினேன்.

திரை இருண்டிருந்தது. அதன்மேல் மாமாவின் கைக்குட்டைகூடப் போர்த்தியிருந்தது, வீட்டுத் தொலைக்காட்சிக்குத் துணி போர்த்துவதைப்போல. இன்ஜினியர் மெஷின்மேல் சாய்ந்து, கண்ணில் நீர்வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், திரும்பச் சொல்லுங்க. ஒவ்வொரு புதன்கிழமையும் இப்படித்தான் செய்வீங்களா?"

"ஆமா தம்பி. எழுத்து அதுபாட்டுக்கு ஓடிட்டே இருக்கு, பாக்கத்தான் ஆளில்ல. எனக்கா இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அதான் அடைச்சு வைக்கிறது. மாப்ள வர்ற செருப்புச் சத்தம் கேட்டா போட்டுடுவேன்."

"தொடாதீங்கன்னு சொன்னேனே மாமா!" என்றேன்.

அவர் உண்மையாகவே விழித்தார். "தொடலயே? அடைக்கிறது தொடுறதா மாப்ளே?"

இன்ஜினியர் எனக்கு விளக்கினார். "திரைக்குக் கரண்டு போனா, லைன் செத்துடும் அண்ணே. செத்த லைனைப் பாத்துட்டு, யாரோ நிறுத்துற விசைய அழுத்திட்டாங்கன்னு மெஷின் நெனச்சுக்குது. அப்படியே நின்னுடும். அங்கிள் திரும்பப் போட்டா திரைதான் வரும், மெஷின் வராது. பலகை எல்லாத்தையும் மாத்துனேன் லா! ஒரு சுவிட்சு!" பிறகு ஏதோ தோன்றிக் கேட்டார்: "மழை நாள்ல நீங்க என்ன சாப்பிடுவீங்க?"

"பிஸ்கட்."

மறுபடியும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். மாமாவும், யாரோ சிரிக்கிறார்களே என்று கூடச் சிரித்தார். எனக்கும் அந்த ஒரு நிமிடம் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. என் கணக்கில் தப்பில்லை.

அப்போது மேனேஜர் வந்துவிட்டார். இன்ஜினியர் சொன்னதைக் கேட்டார். அவர் சிரிக்கவில்லை. நனைந்த சட்டையோடும் வெறுங்காலோடும் நின்ற கிழவரைப் பார்த்தார். தரையில் ஈரம் படக்கூடாதென்று மாமா செருப்பை வெளியே விட்டிருந்தார். மேனேஜர் என் பக்கம் திரும்பி, இது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என் கையில் சம்பால் காய்ந்துகொண்டிருந்தது. காலையில் யாருமில்லை என்று சொல்லியிருந்தேன்.

"சாப்பாடு கொண்டுவருகிற ஆள், சார்," என்றேன், ஆங்கிலத்தில்.

இன்ஜினியரின் சிரிப்பு நின்றது. மாமா என்னை மாப்ளே என்று அழைத்ததைச் சற்றுமுன் காதால் கேட்டவர். அவர் என்னைப் பார்க்காமல், தூக்கி வைத்த தரைப்பலகையைப் பார்த்தார்.

மாமாவுக்கு ஆங்கிலம் படிக்கத்தான் தெரியாது. துறைமுகத்தில் முப்பது வருடம் கேட்ட காது. இரண்டு கையையும் தொடையோடு சேர்த்துவைத்துக்கொண்டு முன்னால் ஓரடி வந்தார்.

"யெஸ் சார். மக்கான் மேன் சார். சாரி சார்."

இனிமேல் இந்த ஆள் மேலே வரக் கூடாது, சொல்லிவிடு என்றார் மேனேஜர். நான் அதைத் தமிழில் சொன்னேன். எப்போதும் சொல்கிற மாமா என்ற சொல்லை விட்டுவிட்டுச் சொன்னேன்.

"இனிமே மேல வரவேணாம்னு சொல்றாங்க."

"சரிங்க சார்," என்றார். என்னைத்தான்.

கைக்குட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்தார். அடுப்படியில் நான் பாதியில் விட்ட அடுக்கை மூடி எடுத்துக்கொண்டார். மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு மின்தூக்கிக்குப் போனார். சன்னலருகே போய்ப் பார்த்தேன். மழையில் பஸ் நிறுத்தமும் தெரியவில்லை.

திரையின் சுவிட்சுமேல் இன்ஜினியர் ஒரு பிளாஸ்டர் ஒட்டினார். கணக்கை மறுபடி ஓட்டி, அன்று இரவுக்குள் முடித்தோம். வியாழக்கிழமை காலையில் கூலி சரியாகப் போய்ச் சேர்ந்தது. மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலை நிலைத்தது.

கணக்கை முடித்து அந்தப் புதன்கிழமை இரவு வீட்டுக்குப் போனபோது மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"சம்பளம் போட்டாச்சா மாப்ளே?"

"போட்டாச்சு மாமா."

"நல்லது. அது போதும்."

சார் மறைந்து மாப்ளே திரும்பிவிட்டதில் எனக்கு நிம்மதி. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எண்ணிக்கொண்டு படுக்கப் போனேன். நடையில் விளக்கு எரிந்தது. குளியலறையில் எரிந்தது. ஆளில்லாத அடுப்படியில் எரிந்தது. நானே ஒவ்வொன்றாக அடைத்தேன்.

அன்றிலிருந்து என் வீட்டில் அவர் ஒரு சுவிட்சையும் தொடவில்லை. மூன்றாம் நாள் மனைவி கேட்டாள். "அப்பாவுக்கு என்னங்க ஆச்சு? விளம்பரம் முழுக்க உக்காந்து பாக்குறாரு. பல்பொடி விளம்பரத்தக் கூட."

"வயசாகுதுல்ல," என்றேன்.

ஒரே ஒருமுறை வாய்திறந்து கேட்டார். "பாத்ரூம்ல லைட்டு எரியுது மாப்ளே. அடைச்சிடவா?"

தாராளமாக இருக்கவேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம். அவர் எழுந்து சிரமப்பட வேண்டாமே என்றும் எண்ணம். "இருக்கட்டும் மாமா," என்றேன்.

"சரி," என்றார். பிறகு கேட்கவேயில்லை. அடைச்சிடுங்க என்ற ஒரு சொல்லுக்குத்தான் அவர் காத்திருந்தார் என்பது படுக்கையில் புரண்டபோது புரிந்தது. எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். சொல்ல ஆரம்பித்தால் மற்றதையும் சொல்லவேண்டிவரும்.

ஈஸ்டர் முடிந்ததும் மகன் வீட்டில் கொஞ்ச நாள் இருக்கப்போவதாக உட்லண்ட்ஸுக்குப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் எல்லோரும் பார்க்கப் போனோம். கதவு திறந்திருந்தது. நான் மற்றவர்களுக்கு முன்னால் வாசலுக்குப் போய்விட்டேன். மாமா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடையில் போய்க்கொண்டிருந்தார். போகிற போக்கில் அறை விளக்கை அடைத்தார். நடை விளக்கை அடைத்தார். அந்தச் சத்தமில்லாத பழைய நடை. உள்ளேயிருந்து மருமகள், "மாமா, நான் இங்கதான் இருக்கேன்!" என்று கத்தினாள். "இருந்தா கொரல் குடுக்கவேணாமா?" என்று சிரித்துக்கொண்டே அவர் திரும்பினார். வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டது.

என்னைப் பார்த்தார். "வாங்க மாப்ளே," என்றார்.

கையை நீட்டி, அடைத்த விளக்கைத் திரும்பப் போட்டார்.

அவர் எங்கள் வீட்டில் சுவிட்சைத் தொடாமல் இருந்த காலத்துக்கு ஐந்து பில்கள் வந்தன. அதற்கு முந்தைய மாதங்களோடு வைத்துக் கழித்துப் பார்த்தேன், கூட்டியும் பார்த்தேன். அதிகமாகக் கட்டியது எண்பத்து மூன்று வெள்ளி பதினைந்து காசு.